பதுரவாதோ என்றால் ஆட்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

மயிலை மறைமாவட்டம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, போர்ச்சுக்கல் அரசரின் திருச்சபைப் புரவலர் உரிமையான ‘பதுரவாதோ’வைப் ‘போர்ச்சுக்கீசிய ஆட்சி’ என்று எழுதியிருக்கிறது. அப்படி எடுத்துக்கொண்டால் பின்னால் ரோமுக்கும் போர்ச்சுக்கலுக்கும் நடந்த சண்டை எதுவும் விளங்காது. போர்ச்சுக்கீசியர் வசமிருந்த நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் 1658-லேயே டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டன. 1662-ல் மயிலைச் சாந்தோம் கோல்கொண்டா சுல்தான் வசமானது. மண் போன பிறகும் மயிலைக்கு ஆயரை முன்மொழியும் உரிமையை லிஸ்பன், அதாவது போர்ச்சுக்கல் அரசு, விட்டுக்கொடுக்கவில்லை.

பதுரவாதோ என்பது புரவலர் உரிமை. 15-ஆம் நூற்றாண்டு முதல் திருத்தந்தையர் ஆணைமடல்கள் வழியாகப் போர்ச்சுக்கல் அரசருக்குக் கொடுத்தது. கோயில் கட்டுவது, குருக்களுக்குப் படியளப்பது, அவர்களைக் கப்பலேற்றி அனுப்புவது அரசர் பொறுப்பு. பதிலுக்கு ஆயர் பதவிக்கு ஆள் சொல்வது அவர் உரிமை. சொல்லத்தான் முடியும், உறுதிசெய்ய வேண்டியது ரோம். வில்லங்கமே இங்கேதான். 1640-ல் ஸ்பெயின் ஆட்சியை உதறிவிட்டு வந்த போர்ச்சுக்கலின் புதிய அரசரை ரோம் ஏற்கவில்லை, அவர் சொன்ன ஆட்களையும் உறுதிசெய்யவில்லை. 1668-ல் ஸ்பெயினுடன் சமாதானம் ஆகும்வரை ஆயர் இருக்கைகள் பல காலியாகவே கிடந்தன.

‘புரோப்பகாந்தா’ என்பதைப் ‘பிரச்சாரம்’ என்று பெயர்த்ததும் பிழை. அது 1622-ல் ரோமில் தொடங்கிய விசுவாசப் பரப்புப் பேராயம், அதாவது ஓர் அலுவலகம். அரசரைக் கேட்காமல் ஆயரை அனுப்ப அதற்கு ஒரு வழி இருந்தது. மறைமாவட்டம் அமைத்தால்தானே புரவலர் உரிமை குறுக்கே வரும்? அதனால் ஒரு நிலப்பகுதியை மட்டும் வகுத்து, எப்போதோ அழிந்துபோன ஓர் ஊரின் ஆயர் பட்டத்தை ஒருவருக்குக் கொடுத்து, திருத்தந்தையின் பதிலாளாக அங்கே அமர்த்தினார்கள். அவரே ‘அப்போஸ்தலிக்க விகார்’. இப்படித் திருச்சியில் விகாராக இருந்த கானோஸ் ஆண்டகையைப் பழைய ஆவணங்கள் ‘தமாசுஸ் ஆயர்’ என்பது இதனால்தான். தமாசுஸ் இருப்பது சைப்ரஸில். பட்டத்தில் உள்ள ஊரை அவர் பணித்தளம் என்று நினைத்தால் தடம் மாறிவிடும்.

1838-ல் ரோம் மயிலை, கொச்சி உள்ளிட்ட இடங்களில் பதுரவாதோ அதிகாரத்தை நீக்கியது. கோவா தரப்பு, அதாவது பதுரவாதோவைச் சேர்ந்த குருக்கள் பணியவில்லை. அதைக் கட்டுரை ‘தப்பறை’ என்கிறது. தப்பறை என்பது கோட்பாட்டில் வரும் தவறு. இவர்கள் அதே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னவர்கள், அதே பூசையை வைத்தவர்கள். யாருக்குக் கீழ்ப்படிவது என்பதில்தான் தகராறு. அதன் பெயர் பிளவு.

ரோமும் போர்ச்சுக்கலும் 1886-ல் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகும் மயிலை பதுரவாதோவின் கீழேயே இருந்தது. சென்னை தனி உயர்மறைமாவட்டம். போர்ச்சுக்கல் உரிமையைக் கைவிட்டது 1950-ல். இரண்டும் இணைந்தது 1952-ல்.

குடும்ப ஞானஸ்நானப் பதிவு தேடுவோருக்கும் இது உதவும். பதுரவாதோ, புரோப்பகாந்தா என்று இரட்டை அதிகாரம் இருந்த ஊர்களில் கோயில் இரண்டு, பதிவேடும் இரண்டு. ஒன்றில் பெயர் இல்லையென்றால் மற்றக் கோயில் எந்தத் தரப்பு என்று கேட்டு அங்கேயும் பார்க்க வேண்டும். எல்லைகளை இன்றைய வரைபடத்தை வைத்து முடிவுசெய்யவும் கூடாது: 1952-ல் தஞ்சை மறைமாவட்டம் உருவாகும்வரை வேளாங்கண்ணி மயிலையைச் சேர்ந்தது.

இப்படிக்கு,
வாசகர், திருச்சிராப்பள்ளி