என் காரின் பேட்டரியைப் பார்க்க எனக்கு ஏன் அனுமதி இல்லை?

மலேசியாவில் மின்சாரக் கார் விற்கும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களில் ஒரு நிறுவனம் எனக்கு அனுப்பிய கடிதம் மூன்று வாரமாக என் மேசை மீது கிடக்கிறது. அங்கீகாரம் இல்லாத கேபிளைக் காரில் இணைத்ததால் உத்தரவாதம் பாதிக்கப்படலாம் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். எந்த நிறுவனம் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. மற்ற நிறுவனங்களின் கார்களை வைத்திருக்கும் என் நண்பர்களுக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கிறது. அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பேட்டரியின் நிலையைப் படிக்க நான் எதற்காக அந்தக் கேபிளைச் செய்தேன் என்பது உங்கள் கோப்பில் இருக்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் இரத்தச் சுத்திகரிப்பு. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அது முடிந்து வரும்போது அவளால் பத்தடி நடப்பதே பெரும்பாடு. அன்று மாலை பினாங்குப் பாலத்தில் ஏறும்போது திரையில் 19 விழுக்காடு மின்சாரம் இருந்தது. வீடு போய்ச் சேர அது தாராளம். பாலத்தின் நடுப்பகுதி மேடு என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மேட்டில் ஏறத் தொடங்கியதும் திரையில் ஆமைப் படம் வந்தது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி ஊர்ந்தது. இரண்டு நிமிடத்தில் 19 என்பது 4 ஆகி, பிறகு வண்டியே நின்றுவிட்டது.

குளிரூட்டி இல்லை. இடப்பக்கம் மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டு போயின. வலப்பக்கம் லாரிகள் கடந்தபோதெல்லாம் கார் ஆடியது. ஊசி குத்திய கையில் கட்டுடன் அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நான் பயந்துவிடக் கூடாது என்று, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அவளே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இழுவை வண்டி வர 47 நிமிடம் ஆயிற்று.

மறுநாள் உங்கள் சேவை மையத்துக்கு வந்தேன். சோதனைக் கட்டணம் 280 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு நாள் கழித்து ஒரு தாள் கொடுத்தார்கள். "பேட்டரி: இயல்பு நிலை" என்ற ஒரே வரி. வேறு எண் எதுவும் இல்லை. பேட்டரிக்குள் இருக்கும் சிறு செல்களில் எந்தச் செல்லில் எத்தனை வோல்ட், எந்த வெப்பநிலையில் அளந்தீர்கள் என்று கேட்டேன். முகப்பில் இருந்த தம்பி தயக்கத்தோடு சொன்னார்: "அங்கிள், எங்கள் கணினியில் எல்லாம் தெரிகிறது. உங்களிடம் காட்ட அனுமதி இல்லை." அந்தப் பிள்ளை மீது எனக்கு வருத்தம் இல்லை. அனுமதி மறுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

நான் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் 31 ஆண்டுகள் சோதனைப் பிரிவில் இருந்தவன். 1972 முதல் உலகத்துக்குச் சில்லுகளைச் சோதித்து அனுப்பும் ஊர் இது. அளந்த எண்ணை எழுதாமல் "இயல்பு" என்று மட்டும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால், என் மேற்பார்வையாளர் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

ஆகவே நானே அளந்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 துளைச் சோதனைச் செருகி என் காரிலும் இருக்கிறது. ஆனால் அதில் பேட்டரியைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் வருவதில்லை. அந்தச் செருகி பிறந்த கதை அப்படி. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களில் அதைக் கட்டாயமாக்கியது புகையைக் கண்காணிக்கத்தான். மின்சாரக் காருக்குப் புகைக்குழாய் கிடையாது. புகையை மனத்தில் வைத்து எழுதிய அந்த விதி, பேட்டரியைப் பற்றி எதையும் வெளியே சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

பேட்டரியின் தகவல் ஓடும் கம்பிகள் நடுப்பெட்டிக்குப் பின்னால் உள்ள வேறோர் இணைப்பில் இருந்தன. காரை அணைத்து, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஓர் இணைக்கம்பியில் 60 ஓம் காட்டியது. காரின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கம்பித் தொடர்புக்குக் கேன் (CAN) என்று பெயர். இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை வைத்த கேன் தொடர்பு என்றால் அந்த எண் வர வேண்டும். கம்பியை வெட்டவில்லை, உரிக்கவில்லை. அந்த இணைப்புக்குப் பொருந்தும் ஆண், பெண் செருகிகளை வாங்கி, நடுவில் செருகும்படி ஒரு கேபிள் செய்தேன். ஓடும் செய்தியைக் கேட்க மட்டும் செய்யும்படி, கேபிளில் இணைத்த கருவியை அமைத்தேன். அது காருக்கு ஒரு கட்டளைகூட அனுப்பவில்லை. மொத்தச் செலவு 140 வெள்ளி. உங்கள் ஒரு வரித் தாளின் விலையில் சரிபாதி.

என் காரில் 96 செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. வண்டி நின்றிருக்கும்போது 71ஆம் செல் மற்றவற்றை விட 30 மில்லிவோல்ட் மட்டுமே குறைவாக இருந்தது. யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 20 விழுக்காட்டில் மேட்டில் ஏற்றினேன். அந்த ஒரு செல் 340 மில்லிவோல்ட் கீழே விழுந்தது. 96 குடங்களிலிருந்தும் ஒரே அளவு நீரை மொண்டாக வேண்டும், ஏதாவது ஒரு குடம் வற்றினாலும் இறைப்பதை நிறுத்திவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 95 குடங்களில் நீர் இருந்து என்ன பயன்? பாலத்தில் எங்களுக்கு நடந்தது அதுதான். பட்டறைக்குள் நிறுத்திவைத்து அளந்த உங்களுக்கு அது "இயல்பு" என்று தெரிந்ததில் வியப்பில்லை. அந்த எண்களை என்னிடம் காட்டியிருந்தால், ஓட்டிப் பார்த்து அளக்கும்படி அன்றே சொல்லியிருப்பேன்.

இந்தப் பதிவுகளை அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்கு வந்த பதில்தான் மேசை மீது கிடக்கும் கடிதம். 71ஆம் செல்லைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கேபிளைப் பற்றி மூன்று பத்தி இருக்கிறது.

என் கோரிக்கை ஒன்றுதான். காரை வாங்கியவர், தம் பேட்டரியின் நிலையைப் படித்துப் பார்க்க வழி செய்யுங்கள். படிக்க மட்டும். எழுத அல்ல. காரின் மென்பொருளில் கைவைக்கும் உரிமையை நான் கேட்கவில்லை. 400 வோல்ட் ஓடும் வண்டியில் எவரும் எதையும் மாற்றலாம் என்றால் உயிர் போகும். திருடர்களுக்கும் அது வசதி. அந்தப் பூட்டு இருக்கட்டும். கருவியை நாள்முழுக்கச் செருகியே வைத்தால் கார் உறங்காமல், அதில் தனியாக இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோகும் என்று உங்கள் கடிதம் சொல்வதும் உண்மை. அதை ஒப்புக்கொள்கிறேன், அரை மணி நேரத்துக்கு மேல் நான் இணைத்து வைப்பதில்லை. ஆனால் மருத்துவமனையில் தன் இரத்தச் சோதனை முடிவைக் கேட்கும் நோயாளியிடம், கத்தியைக் கையில் எடுக்காதே என்று யாராவது சொல்வார்களா? என் மனைவிக்கு மாதந்தோறும் கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் என்று எண்ணெண்ணாகத் தாளில் தருகிறார்கள். அவளை ஏற்றிச் செல்லும் காரின் எண்கள் மட்டும் இரகசியம்.

உத்தரவாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டருக்குள் பேட்டரியின் கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அது 70க்குக் கீழே போனதை நான் எப்படி நிரூபிப்பது? அளக்கிறவரும் நீங்கள், தீர்ப்புச் சொல்கிறவரும் நீங்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை வழக்கிடலாம் என்பது எனக்குத் தெரியும். அங்கே போய் எதை நீட்டுவேன்? "இயல்பு நிலை" என்ற தாளையா?

பிறை நகரில் என் பழைய பெட்ரோல் காரை இருபது ஆண்டு பார்த்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் மகன் மின்சாரக் கார் பழுதுபார்ப்பு படித்துவிட்டு வந்திருக்கிறான். கையில் திறமை இருக்கிறது, கேட்டால் பதில் சொல்லும் கார்தான் இல்லை. பழைய கார் வாங்கி விற்கிறவர்களோ, பேட்டரி எப்படி இருக்கிறது என்று தெரியாததால் கண்ணை மூடிக்கொண்டு விலையைக் குறைக்கிறார்கள். நன்றாகப் பராமரித்தவருக்கும் அதே விலை, பாழாக்கியவருக்கும் அதே விலை. முழுமையாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கு 2022 முதல் 2025 முடியும் வரை இறக்குமதி வரியையும் கலால் வரியையும் அரசு விட்டுக்கொடுத்தது. அது மக்கள் பணம். அதற்கு ஈடாக ஒரு செல்லின் வோல்ட்டைக்கூடச் சொல்ல மாட்டீர்களா? எங்கள் சாலையில் வந்து எங்களுக்கே கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. நிசான் லீஃப் காரில் பேட்டரித் தொடர்பு அதே 16 துளைச் செருகியின் 12, 13ஆம் ஊசிகளில் கிடைத்தது. உலகெங்கும் அதன் உரிமையாளர்கள் ஒவ்வொரு செல்லையும் கைப்பேசியில் பார்த்துவருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறையின் 14ஆம் விதி, பேட்டரியைச் சட்டப்படி வாங்கியவர் அதன் நிலைத் தகவலைப் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. 2024 ஆகஸ்டு 18 முதல் அது நடப்பில் உள்ளது. 2026 மாடல் முதல் வரும் மின்சாரக் கார்கள் பேட்டரியின் நிலையை ஓட்டுநருக்குக் காட்ட வேண்டும் என்று கலிஃபோர்னியா 2022இல் விதி வகுத்தது. அங்கெல்லாம் விற்கும் நிறுவனங்களும் உங்களில் இருக்கின்றன. அங்கே திறக்கிற கதவு இங்கே ஏன் திறக்காது?

நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, விற்ற பொருளுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலம் வரை கிடைக்கச் செய்யும் கடமையைப் பற்றிப் பேசுகிறது. பழுது எங்கே என்று பார்க்க முடியாத பொருளைப் பழுதுபார்ப்பது எப்படி? இதன் நகலை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் அனுப்புகிறேன். படிக்கும் உரிமையைத் தெளிவாகச் சொல்லும் ஒரு விதியை அமைச்சு கொண்டுவர வேண்டும் என்பது அவர்களிடம் என் பணிவான வேண்டுகோள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவே. சேவை மையம் தரும் சோதனைத் தாளில் மீதமுள்ள கொள்ளளவு, மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த செல் வோல்ட், வெப்பநிலை, வண்டி ஓடும்போது அளந்ததா நிற்கும்போது அளந்ததா என்ற விவரம் ஆகியவற்றை அச்சிடுங்கள். படிக்க மட்டும் பயன்படும் கேபிளை நீங்களே விற்றாலும் வாங்கிக்கொள்கிறோம். அதைச் செருகியதால் உத்தரவாதம் போகாது என்று எழுத்தில் தாருங்கள்.

தனிப்பட்ட முறையில் ஒன்று. 71ஆம் செல் இருக்கும் தொகுதியை, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாலத்தின் மேட்டில் ஓட்டி அளந்து பாருங்கள். செவ்வாய், வியாழன், சனி தவிர மற்ற எந்த நாளும் காரைக் கொண்டுவருகிறேன். அந்த மூன்று நாளும் இப்போது மச்சான் காரில் போய்வருகிறோம்.

பதிலை எதிர்பார்க்கும்,
பட்டர்வொர்த் கார் உரிமையாளர் ஒருவர்