கடைவீதி வணிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னாள் நிர்வாகிகளே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமாக இந்த அறிக்கையில் சாக்கடைக்கு முதலிடம், அடுத்தது தெருவிளக்கு, அதற்கடுத்தது தரைக்கடை. இந்த முறை மூன்றையும் சுருக்கிக்கொள்கிறேன். செயற்குழு எப்போது கூடினாலும் பேச்சு கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: சாயங்காலம் நாலரைக்கு மேல் நம் கடை வாசல்களில் கூடுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

சுருக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மே 5 வணிகர் தினத்தன்று வழக்கம்போல் கடையடைத்தோம். தேரடி வடிகால் மழைக்கு முன்பு தூர்வாரப்பட்டு, மழைக்குப் பின்பு மறுபடியும் தூர்ந்தது. பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது என்பதை இந்த வருடமும் உறுப்பினர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. அபராதம் கட்டியவர்கள் சங்கம் அதைத் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண்கள் மேல்நிலைப் பள்ளியும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் ஒரே நேரத்தில் விடுகின்றன. உள்ளூர்ப் பிள்ளைகள் சைக்கிளில் போய்விடுகிறார்கள். சுற்றுப்பட்டிக் கிராமங்களுக்குப் போகிற பிள்ளைகள் பஸ் வரும்வரை நம் வீதியில்தான் நிற்க வேண்டும். பேக்கரி, ஜூஸ் கடை, ஜெராக்ஸ் கடை, செல்போன் கடை, பேன்ஸி ஸ்டோர் என்று பிரிந்து நிற்பார்கள். ஒரு ரோஸ்மில்க்கை நாலு பேர் குடிப்பார்கள். புத்தகப்பை எல்லாம் பக்கத்துக் கடைப்படியில் குவிந்திருக்கும்.

முதல் புகார் ஜூலையில் வந்தது. ஜவுளிக்கடை உறுப்பினரும் மருந்துக்கடை உறுப்பினரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பெண்கள் படியேற முடியவில்லை, சத்தம் தாங்கவில்லை, பப்ஸ் தாளை வாசலில் போடுகிறார்கள், பையன்கள் ஒருவரையொருவர் அழைக்கிற வார்த்தைகள் காதில் கேட்கிற மாதிரி இல்லை. நான்குமே உண்மை. ஆகஸ்ட் செயற்குழுவில் நடந்த வாக்குவாதத்தைப் பதிவேட்டில் "விவாதிக்கப்பட்டது" என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கிறேன். இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லலாம். பேக்கரி அண்ணாச்சி, "காலையில இருந்து ஈ ஓட்டுதேன். நாலரைக்கு மேலதான்யா எனக்கு ஏவாரமே" என்றார். அதற்கு மருந்துக்கடை அண்ணாச்சி, "உம்ம கடையில தின்னுட்டு எங்க படியிலல்லா வந்து உக்காருதானுவ" என்றார். ஒருவருக்குக் கல்லா நிறைகிறது, இன்னொருவருக்குப் படி நிறைகிறது. நம் வழக்கின் மூலம் அதுதான். ஒழுக்கம், கலாச்சாரம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று பிற்பாடு பேசப்பட்டதெல்லாம் இதன்மேல் ஏற்றி வைத்தவை என்பது என் கருத்து.

"மாணவர்கள் இங்கே நிற்கக் கூடாது" என்று சிலர் பலகை வைத்தார்கள். பலகை வைத்த கடைகளின் கூட்டம் வைக்காத கடைகளுக்கு நகர்ந்தது. மறுவாரம் அவர்களும் பலகை வைத்தார்கள். பேக்கரியில் இலவச வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தார்கள். அது அன்று சாயங்காலமே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. செப்டம்பர் மாதத்துக்குள் பையன்களில் ஒரு பகுதி நம் வீதியை விட்டே போய்விட்டது. போன இடம் மேற்கே விளக்கில்லாத சந்து. அதன் முடிவில் டாஸ்மாக் கடை இருக்கிறது என்பது உறுப்பினர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட்டம் குறைந்தது என்று அன்று மகிழ்ந்தவர்கள் உண்டு. தலைவர் மட்டும் அந்தச் சந்துக்கு ஒரு சாயங்காலம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பலகைகளை எடுக்கச் சொன்னார். சிலர் உடனே எடுத்தார்கள். சிலர் ஆயுதபூஜைக்குக் கடை கழுவும்போது எடுத்தார்கள்.

அதன்பிறகுதான் பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள் என்று விசாரிக்க ஒரு துணைக்குழு போட்டோம். இதை ஜூலையிலேயே செய்திருக்கலாம் என்று கேட்கிறவர்கள், ஜூலையில் குழுவுக்கு வர யாரும் கை தூக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

துணைக்குழு சொன்னது எளிய விஷயம். பள்ளி விட்டதும் வந்துகொண்டிருந்த நாலே முக்கால் டவுன் பஸ் நடை ரத்தாகியிருந்தது. அடுத்த நடை ஆறு மணிக்கு அருகில். இடையில் மினி பஸ் உண்டு, ஆனால் பிள்ளைகளின் இலவச பஸ் பாஸ் அதில் செல்லாது. வருகிற ஒரே நடையிலும் இடமில்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் கூட்டம் கூடியிருக்கிறது. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. கிராமத்துப் பெண்கள் நம் ஜவுளிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் வந்துபோவது அதே பஸ்ஸில்தான். ஆனால் கூட்டம் கூடும்போது நடையைக் கூட்டாமல் குறைத்தால், படியில் தொங்குகிறவன் பள்ளிக்கூடப் பையனாகத்தான் இருப்பான்.

இரண்டாவது, பசி. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் காலை ஏழரைக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி, தூக்குச்சட்டியில் கொண்டுவந்ததை மதியம் தின்றுவிட்டு, ஸ்பெஷல் கிளாஸும் முடித்து வருகிறார்கள். தேங்காய் பன்னுக்கும் வாழைக்காய் பஜ்ஜிக்கும் கூட்டம் கூடுவதில் அதிசயம் என்ன இருக்கிறது? மூன்றாவது விஷயத்தைச் சொல்ல நம் ஆண் உறுப்பினர்கள் தயங்கினார்கள், தையல்கடை உறுப்பினரான அம்மாதான் சொன்னார். பெண்பிள்ளைகள் அந்த ஒன்றரை மணி நேரம் கழிப்பறை இல்லாமல் நிற்கிறார்கள். பஸ் நிலையத்துக் கட்டணக் கழிப்பறை பக்கம் அவர்களால் போக முடியாது. போகாமலிருப்பதற்காக மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை.

இனி, சொல்லக் கசப்பானவை.

நவம்பரில் ஒரு கடையின் சிசிடிவி காட்சி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஒரு பையன் சாக்லேட்டை எடுத்துப் பாக்கெட்டில் போடுகிற மாதிரி தெரிந்தது. "திருடனைப் பாருங்கள்" என்று தலைப்பு. ஒரு மணி நேரத்தில் அது ஊர்க் குழுக்களுக்கெல்லாம் போய்விட்டது. பையனின் அப்பா இரவு கடைக்கு வந்து, அது காசு கொடுத்து வாங்கியது என்று ஜிபே ரசீதைக் காட்டினார். உண்மையிலேயே திருடியிருந்தாலும் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் முகத்தை அப்படிப் பரப்பக் கூடாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, சட்டத்துக்கு முரணாக நடந்ததாகச் சொல்லப்படும் சிறுவர் யார் என்று தெரியும்படி வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று போகிறது. சம்பந்தப்பட்ட உறுப்பினர் பையனின் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்தார். பிள்ளைகள் இருக்கும் எந்தக் காட்சியையும் குழுவில் போடக் கூடாது என்று அன்றே தீர்மானம் போட்டோம். காட்சி தேவை என்றால் போலீசுக்கோ தலைமையாசிரியருக்கோ நேரில் கொடுக்கலாம்.

ஜூஸ் கடை விவகாரம் இதைவிட மோசம். பிளஸ் ஒன் மாணவி ஒருத்தியும் மாணவன் ஒருவனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கணக்குப் பாடம் பேசியதை வழியே போன ஒருவர் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் முதல் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. பையன் வழக்கம்போல் வந்தான். தலைமையாசிரியை வீடு தேடிப் போய்ப் பெற்றோரிடம் பேசித்தான் அவளைத் திரும்ப அழைத்துவந்தார். போட்டோ எடுத்தவர் நம் உறுப்பினர் இல்லை. ஆனால் "எங்களுக்கெல்லாம் அக்கறை இருக்கிறது" என்று அவருக்காகப் பேசியவர்கள் நம் கூட்டத்தில் இருந்தார்கள். பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்துகிற அக்கறை எனக்குப் புரியவில்லை.

கயிறு விஷயம். பேன்ஸி ஸ்டோர்களில் கலர் கலராகக் கைக்கயிறு விற்பனையாகிறது. எந்தக் கலர் யாருக்கு என்பது நமக்குத் தெரியாததுபோல் இருக்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்கள் தங்களோடு படித்தவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறுகளைப் பள்ளிகளில் அனுமதிக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. பள்ளி வாசலில் அறுத்தெடுக்கிற கயிற்றைச் சாயங்காலம் நம் கடையில் பத்து ரூபாய்க்கு மறுபடியும் வாங்கினால் என்ன பயன்? சீருடையில் வருகிற பிள்ளைகளுக்குக் கயிறு விற்பதில்லை என்று பேன்ஸி ஸ்டோர் உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "சாமிக்கயிறையும் விக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதற்குக் கூட்டத்தில் பதில் கிடைக்கவில்லை.

சிகரெட்டும் புகையிலையும். பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது, பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் சொல்கிறது. அதில் அபராதம் 200 ரூபாய்தான் என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவைப் படித்துக்கொள்ளவும்: சிறுவருக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். குட்கா வகையறா 2013 முதல் தமிழ்நாட்டில் தடை. உதட்டுக்குள் ஒதுக்குகிற அந்தச் சின்னப் பொட்டலமும் அதில் சேர்த்திதான். ஒரு பெட்டிக்கடையில் புத்தகப்பையோடு வருகிறவர்களுக்குத் தனி டப்பாவே இருந்தது. அந்த உறுப்பினரின் பெயரை இங்கே சொல்லவில்லை. டப்பா இப்போது இல்லை. மறுபடி வந்தால் சங்கம் அவருக்காக ஸ்டேஷனுக்கு வராது.

செல்போன் கடை முன்னால் பைக்கோடு நிற்கிற பிளஸ் டூ பையன்களின் பெற்றோரில் மூவர் நம் உறுப்பினர்களே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றத்தில் மாட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. இதற்குமேல் நான் சொல்ல விரும்பவில்லை.

செய்தவற்றைச் சொல்கிறேன். பஸ் நடைக்காகப் பணிமனைக்கு மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. பிறகு இரண்டு பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் கிராமத்துப் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். பொங்கலுக்குப் பிறகு நாலே முக்கால் நடை திரும்ப வந்தது. வந்த முதல் வாரத்திலேயே கூட்டம் பாதியாகக் குறைந்தது. பேக்கரி அண்ணாச்சிக்கு இதில் வருத்தம், அதை மறைக்கவும் இல்லை.

மிஞ்சுகிறவர்களுக்காக நிறுத்தத்தை ஒட்டிப் பேரூராட்சி அனுமதியோடு இரண்டு பெஞ்சும் குடிநீர்க் குழாயும் போட்டோம். கடைப்பையன்கள் உட்காரவே நாற்காலி போடாதவர்கள் பிள்ளைகளுக்குப் பெஞ்சா என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார். நியாயமான கேள்வி. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்திருத்தமே வந்துவிட்டது. அது நம் வீதியில் எத்தனை கடைகளில் நடக்கிறது என்பதை அடுத்த ஆண்டு பார்க்கலாம். கழிப்பறைக்கு வழி பிறந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. முதல் புகாரில் முதல் கையெழுத்துப் போட்ட ஜவுளிக்கடைக்காரரே, தம் கடைப் பெண் ஊழியர்களின் கழிப்பறையைச் சாயங்காலம் மாணவிகளுக்குத் திறந்துவிடச் சம்மதித்தார். அவர் வீட்டம்மா சொன்னதாகத் தகவல். சங்கத்தின் நன்றியை இருவருக்கும் பதிவு செய்கிறேன்.

1098 சிறுவர் உதவி எண்ணை எல்லாக் கல்லாவிலும் ஒட்டியிருக்கிறோம். பிப்ரவரியில் ஜெராக்ஸ் கடைப் பெண் அதை ஒரு தடவை பயன்படுத்தினார். விவரம் இங்கே வேண்டாம்.

பாக்கியிருப்பவை: ஆண்கள் பள்ளிப் பையன்களுக்கும் வெளியூர்ப் பையன்களுக்கும் தேரடியில் நடக்கிற சண்டை குறையவில்லை. பப்ஸ் தாளும் குறையவில்லை; குப்பைத் தொட்டி வைத்தோம், தொட்டியைக் காணவில்லை. பெஞ்சுக்கு மேல் கூரை இல்லாததால் மழைநாளில் எல்லோரும் மறுபடி மருந்துக்கடைப் படிக்கே வருகிறார்கள். கூரைக்கான மதிப்பீட்டைப் பொருளாளர் தம் அறிக்கையோடு வைப்பார். ஐப்பசி மழைக்குள் போட வேண்டுமென்றால் இன்றே பொதுக்குழு அனுமதி தர வேண்டும். மருந்துக்கடை அண்ணாச்சி முன்மொழிவதாகச் சொல்லியிருக்கிறார், வழிமொழிய ஓர் ஆள் தேவை.

இந்த அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்