மைனிக்கு, ஊர் காதிலும் விழும்படி

மைனி,

அண்ணனுடைய தலைத்திவசத்துக்கு நான் வராமல் இருந்தால் நல்லது என்று உங்கள் தம்பியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். நான் வருகிறேன். இதைச் சொல்லத்தான் போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நம்மில் யார் பெயரும் இதில் வராது. நம் சொந்தக்காரர்களுக்கு அதெல்லாம் தேவையும் இல்லை, முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூளையைச் சிதைக்கிற சிஜேடி (குரூட்ஸ்ஃபெல்ட்-யாகோப்) நோயில் அண்ணன் கிடந்த அந்த நான்கு மாதங்களை உங்களிடம் நான் விவரிக்கப் போவதில்லை. கூடவே கிடந்தது நீங்கள்தான். நான் ஹைதராபாத்தில் இருந்து லீவு போட்டு வந்து வந்து போனவள்.

ஆனால் 'அவ ஆராய்ச்சி பண்ணுத கிருமியத்தான் வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டா' என்று ஒரு பேச்சு ஓடுகிறதே, அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மேஜையில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர். மனிதன், எலி, கோழி, மீன் என்று பல உயிர்களின் ஜீன் எழுத்துகளை வரிசையாக அடுக்கி, எது எங்கே மாறியது, எது எப்போது செத்தது என்று பார்ப்பதுதான் என் வேலை. நோயுள்ள மூளையின் ஒரு துணுக்கைக்கூட நான் தொட்டதில்லை. அண்ணனைத் தவிர அந்த நோய் வந்த ஒருவரையும் பார்த்ததும் இல்லை.

அப்புறம், அந்த நோயைக் கொண்டுவருவது கிருமியே இல்லை. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புரூசினர் 1982இல் அதற்குப் பிரியான் என்று பெயர் வைத்தார், 1997இல் நோபல் பரிசும் வாங்கினார். அது வெறும் புரதம். அதைச் செய்கிற ஜீன் நம் எல்லோருக்கும் 20ஆவது குரோமோசோமில் இருக்கிறது. எனக்கு இருக்கிறது, உங்களுக்கு இருக்கிறது, வாசலில் நின்று பேசியவர்களுக்கும் இருக்கிறது. நல்லபடியாக மடிந்திருக்க வேண்டிய புரதம் எங்கோ ஓரிடத்தில் பிசகி மடிகிறது. பிறகு பக்கத்தில் இருப்பதையும் தன்னைப்போலவே பிசக வைக்கிறது. நூறு நோயாளிகளில் சுமார் எண்பத்தைந்து பேருக்கு இது காரணமே தெரியாமல் தானாக வருகிறது. உலகக் கணக்குப்படி பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர். பிரிப்பதற்கு முந்தைய திருநெல்வேலி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பில் முப்பது லட்சத்துக்கும் மேல் ஜனம். அப்படியானால் வருஷத்துக்கு மூன்று முதல் ஆறு பேர் வரை. அவர்களில் எத்தனை பேருக்கு வாதம் என்றும் செய்வினை என்றும் சொல்லிக் காரியத்தை முடித்தார்களோ! அவர்கள் வீட்டில் எல்லாம் என்னைப்போல் ஒரு தங்கச்சி இருந்தாளா?

இன்னொன்று, இதை உங்களைக் கேட்காமல் எழுதுகிறேன். கோபம் வரும், வரட்டும். அண்ணனுடைய ரத்தத்தில் அந்த ஜீனைப் பரிசோதித்தார்கள். பரம்பரையாக வரும் பிறழ்வு எதுவும் இல்லை. ரிப்போர்ட் உங்கள் பீரோவில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வரும், அந்த வீட்டில் பெண் எடுக்கக் கூடாது, கொடுக்கக் கூடாது என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும். வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்பீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் தெருவில் ஏற்கெனவே ஒரு பொய் நின்றுகொண்டிருக்கிறது மைனி, அதை யார் கொண்டுவந்தது?

எனக்கு அந்த நீர்மாலை நாள்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆற்றில் இருந்து குடங்கள் வந்து இறங்கிவிட்டன. குளிப்பாட்ட வேண்டிய பங்காளிகள் வேப்பமரத்தடியில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ கையுறை கேட்டார்கள். 'தொட்டால் ஒன்றும் ஆகாது, வெறும் உடம்புதான்' என்று நான் ஏதோ கூட்டத்தில் பேசுவதுபோல் விளக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் படியிறங்கி வந்தீர்கள். "ஒருத்தரும் தொட வேண்டாம், தள்ளுங்க" என்று செம்பை வாங்கினீர்கள். பெண்கள் அதைச் செய்யக் கூடாது என்று முனகிய பெரியவரை ஒரு பார்வை பார்த்தீர்கள், அவர் வாயை மூடிக்கொண்டார். நான் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தேன். முதல் செம்பை முகந்த நீங்கள் உடனே ஊற்றவில்லை. புறங்கையில் கொஞ்சம் விட்டுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, கொஞ்சம் வெந்நி கலந்து கொண்டா. அவியளுக்குப் பச்சத்தண்ணி ஆவாது" என்றீர்கள். நான் போய்க் கொண்டுவந்தேன். காதுக்குள் தண்ணீர் போகாமல் உள்ளங்கையால் மறைத்து மறைத்து ஊற்றினீர்கள். அரப்பு கண்ணில் படாமல் நெற்றியோடு வழித்துவிட்டீர்கள். உங்கள் அளவுக்கு அவனை யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் நிச்சயமாக முடியாது.

அதே கைதானே பதினாறாம் நாள் எனக்கு மட்டும் காகித கப்பில் காப்பி நீட்டியது? மற்ற எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். கொதிக்க வைத்தாலும் சாகாது என்று உங்கள் தம்பி எதையோ படித்துச் சொன்னாராம். பாதி உண்மை. உயிரே இல்லாததற்குச் சாவு ஏது? அந்தப் புரதம் வெந்நீருக்கு மசியாது. அறுவைக் கருவிகளை 134 டிகிரி நீராவியில் 18 நிமிடம் வைக்கச் சொல்வார்கள். ஆனால் அது மூளையையும் கண்ணையும் தண்டுவடத்தையும் தொட்ட கருவிக்கு. எச்சில் டம்ளரில் யாருக்கும் வந்ததில்லை. வந்திருந்தால் முதலில் உங்களுக்கு வந்திருக்கும். இதை எழுதும்போதே எழுதியிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. இருக்கட்டும்.

"செத்த ஜீனப் படிக்கியாக்கும், உசுரோட கெடக்கவன ஒண்ணும் செய்ய முடியாதாக்கும்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டீர்கள். அப்போது எனக்கு வாய் வரவில்லை. பதில் இருக்கிறது, ஆறுதல்தான் இல்லை. வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ் போல ஜீன்களுக்கும் நகல் விழும். கோடிக்கணக்கான வருஷங்களில் பெரும்பாலான நகல்கள் எழுத்து சிதைந்து, படிக்க முடியாமல் செத்துக் கிடக்கும். அவற்றைத்தான் போலி மரபணு என்கிறோம். அரிதாக ஒன்று பிழைத்துப் புது வேலை பிடித்துக்கொள்ளும். பிரியான் ஜீனே அப்படிப் பிழைத்த நகல் என்று 2009இல் ஓர் ஆய்வு சொன்னது. துத்தநாகம் கடத்துகிற ஒரு பழைய ஜீன் குடும்பத்தில் இருந்து விழுந்ததாம். பாலூட்டிகள் தோன்றுவதற்கு எவ்வளவோ முன்னால்.

அது பிழைத்திருக்கவே வேண்டுமா என்று நான் யோசிக்காத நாள் இல்லை. 1992இல் அந்த ஜீனை நீக்கி எலிகளை வளர்த்தார்கள், நன்றாகவே வளர்ந்தன. நோயுள்ள மூளைச்சாற்றைச் செலுத்தியும் அவற்றுக்கு நோய் வரவில்லை. நீங்கள் ஆடு வளர்க்கிறவர், உங்களுக்கு இது பிடிக்கும். நார்வேயில் ஒரு பால் ஆட்டு இனம். 2012இல் கண்டுபிடித்தார்கள். சில ஆடுகளில் அந்த ஜீனின் தொடக்கத்திலேயே ஓர் எழுத்து மாறி, முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. புரதமே உருவாவதில்லை. யாரும் ஒன்றும் செய்யவில்லை, ஜீன் தானாகச் செத்திருக்கிறது. அந்த ஆடுகள் மற்ற ஆடுகளைப்போல மேய்கின்றன, குட்டி போடுகின்றன. ஜீனே இல்லாத எலிகளுக்கு வயதானால் நரம்பின் உறை கெடும் என்று இன்னொரு ஆய்வு இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அண்ணனைச் சாய்த்த அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்க மருந்து தேடுகிறவர்கள், அது இல்லாமலும் உயிர் ஓடும் என்ற தைரியத்தில்தான் தேடுகிறார்கள். செத்த ஜீனைப் படிப்பதால் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, இதுதான் ஆகும். அவனுக்கு ஆகவில்லை. தெரியும்.

மூத்தவன் எனக்கு மெசேஜ் அனுப்புகிறான். 'அத்தை, எனக்கும் வருமா' என்று கேட்டான். ஊரில் மற்றவனுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் உனக்கும் என்று சொன்னேன். அதற்காக அவன் போனைப் பிடுங்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கொடுத்துவிடுங்கள். என்மேல் உள்ள கோபத்தை என்னிடமே காட்டுங்கள்.

திவசத்துக்கு முந்தின நாள் காலையில் ஜங்ஷனில் இறங்குவேன். குறுக்குத்துறையில் குளித்துவிட்டு நேராக வீட்டுக்கு வருகிறேன். லாட்ஜில் ரூம் போடச் சொன்னாராம் உங்கள் தம்பி, போடவில்லை. மாடி அறையைத் திறந்து வையுங்கள். காப்பியை எதில் தருவீர்களோ தாருங்கள்.