கயலுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

போன் எடுத்தால் 'சாப்பிட்டேன்ப்பா, வார்டுக்குக் கிளம்பணும்' என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். தம்பி அரியர் எழுதிவிட்டான். மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாயிற்று. மற்றதெல்லாம் அம்மா சொல்வாள்.

ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் மாணவர் ஆய்வுத் திட்டத்தில் உன் பெயர் வந்தபோது நான் யார் யாரிடம் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். 1979-லிருந்து நடக்கிற திட்டம்; எம்பிபிஎஸ் படிக்கும்போதே ஒரு கைடுக்குக் கீழே இரண்டு மாதம் ஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும், கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடாது. இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான். ரத்தசோகை, சர்க்கரை என்று எதையாவது எடுத்திருக்கலாமே, கடும் நோயாளிகளின் வேதனையைத் தணிக்கிற இந்த பேலியேட்டிவ் கேர் ஏன் என்று அம்மா கேட்டாள், நீ பதில் சொல்லவில்லை. பெரியப்பாவுக்காகவா என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

அந்தத் தறிக்காரத் தாத்தாவைப் பற்றிச் சொன்ன அன்றைக்குத்தான் கடைசியாக நீ முழுசாகப் பேசினாய். வீட்டில் அவரிடம் 'வயிற்றில் புண்' என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள், உன் சம்மதப் படிவத்தின் முதல் வரியிலேயே புற்றுநோய் என்று இருக்கிறது, மகன் அதை உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். மறைத்துக் கையெழுத்து வாங்கினால் அது சம்மதமே இல்லை, அதற்காக ஒரு மாணவி போய்ப் போட்டு உடைக்கவும் கூடாது. நீ அங்கேயே நிறுத்திவிட்டு உன் கைடு மேடத்தைக் கூப்பிட்டாய் பார், அதுதான் சரி. அவர் உட்கார்ந்து பேசிய பிறகு தாத்தாவே 'எனக்குத் தெரியும்' என்றாராமே. அப்புறம் ஃபாலோ அப்புக்குப் போனபோது கட்டில் காலி. 'ஷீட்ல மிஸ்ஸிங்னு போட்டுட்டேன்ப்பா' என்றாய். அதற்குப் பிறகு எல்லாம் இரண்டு நிமிடப் பேச்சுதான்.

'தகவல் கிடைக்கவில்லை' என்கிற அந்த மிஸ்ஸிங் என்னையும் விடவில்லை. நீ முன்பு அனுப்பிய பாஸ்டன் ஆய்வை எடுத்துப் படித்தேன், 2010-ல் வந்ததே அது. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் 151 பேர், அதில் ஒரு பிரிவுக்கு ஆரம்பத்திலேயே பேலியேட்டிவ் கேரும் சேர்த்துக் கொடுத்தார்கள், அவர்கள் நிம்மதியாகவும் இருந்தார்கள், கூடுதல் நாளும் இருந்தார்கள், மீடியன், அதாவது வரிசையில் நடுவில் இருப்பவர் கணக்கில், மற்றவர்களுக்கு 8.9 மாதம், இவர்களுக்கு 11.6 மாதம். எல்லோரும் சொல்வது இதைத்தான். என் கண்ணில் பட்டது வேறு. 12 வாரத்துக்குள் 27 பேர் இறந்துவிட்டார்கள் என்று சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் துறை ஆய்வில் பாதி வழியில் சிலர் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஊருக்குப் போய்விட்டு வராதவரையும் இறந்தவரையும் ஒரே மிஸ்ஸிங்கில் போடாதே அம்மா. அவர் இறந்துவிட்டார் என்று எழுது, எந்தத் தேதி என்று எழுது. கணக்குக்கும் அதுதான் சரி, உனக்கும் அதுதான் நல்லது.

ஆய்வுக்கான புள்ளிவிவரக் கணக்கில் பி வேல்யூ சொல்லிக் கொடுத்தார்கள், சாம்பிள் சைஸ் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளி போன அன்றைக்கு மாணவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்களா? கட்டில் பக்கம் போவதற்கு முன்னால் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை உங்களுக்குள்ளேயே கேட்டுப் பழக வேண்டும், முதல் சில நோயாளிகளுக்கு அனுபவமுள்ளவர் ஒருவர் கூட வர வேண்டும், ஒருவர் இறந்துவிட்டால் அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும். இதெல்லாம் பயிற்சியில் சேர்த்திதான், யாரோ பாவம் பார்த்துச் செய்கிற உபகாரம் இல்லை. மேடத்திடம் கேள். நல்லவராகத் தெரிகிறார், கேட்டால் செய்வார். தனியாகப் போகாதே.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று கேட்கிறீர்களே, பெரியப்பா எண் சொல்லியிருப்பாரா? 'பரவாயில்லை' என்பார், அவ்வளவுதான், உனக்கே தெரியும். எண்ணை எழுது, பக்கத்தில் அவர் சொன்ன சொல்லையும் அப்படியே எழுது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அப்படித்தான் செய்தார். நர்ஸாக இருந்து, 1957-ல் டாக்டராகி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிக் குறிப்பெடுத்து, அவர்கள் பேசியதை டேப்பில் பதிந்து, வலியில் அழும்வரை காத்திருக்காமல் நேரம் தவறாது மார்பின் என்கிற வலி மருந்தைக் கொடுக்கலாம் என்று காட்டினார். 1967-ல் கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள அவர் ஹாஸ்பிஸ் திறந்ததெல்லாம் அந்தக் குறிப்புகளுக்குப் பிறகுதான். இங்கே 1985 போதைமருந்துச் சட்டத்துக்குப் பிறகு மார்பின் வாங்க எத்தனை லைசென்ஸ், எத்தனை ரிஜிஸ்டர், அலமாரிக்கு இரண்டு பூட்டு என்று மருந்தகத்தில் இருந்தவன் நான். 2014-ல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். வலியைக் கணக்கெடுத்துக் காட்டியவர்கள் இருந்ததால்தான் அதுவும் நடந்தது. அதனால் உன் வேலையை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன், அம்மா சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ மெலிந்துவிட்டாய் என்று உன் ரூம்மேட் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். எங்களிடம் நீ சொல்லவில்லை, வேறொரு வீட்டுப் பெண் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. வார்டுக்குத் தனியாகப் போகாதே, திரும்பி வந்ததும் யாரிடமாவது பேசு, என்னிடம்தான் என்று இல்லை, பெரியம்மாவிடம் பேசலாம், அவர் உன் குரலைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்கிறார்.

சனிக்கிழமை வர முடியுமா என்று பார். அறிக்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். வருகிறாய் என்றால் இன்றைக்கே சொல், பஸ் டிக்கெட் போட்டுவிடுகிறேன். முடியாது என்றால் அடுத்த நாள் நானும் அம்மாவும் அங்கே வருகிறோம்.

அன்புடன்,
அப்பா