அடிஸ் அபாபா செல்லும் நம் அதிகாரிகளுக்கு: சிதிஸ்த் கிலோவுக்கும் ஒரு காலை ஒதுக்குங்கள்

இந்திய வெளியுறவுப் பணியில் இருப்பவர்களுக்கும், பல்வேறு அமைச்சகங்களிலிருந்து அடிஸ் அபாபாவுக்குப் போய்வரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். 1980-களில் எத்தியோப்பியாவின் தலைநகரான அந்த ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் நிறைய பேர் வேலை பார்த்த காலம் அது. உங்களிடம் கேட்பதற்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. உங்கள் பயணத் திட்டத்தில் ஒரு காலைப்பொழுதை ஊருக்காக, சிதிஸ்த் கிலோ நாற்சந்தியில் 1937-ல் கொல்லப்பட்டவர்களுக்காக நிற்கும் நினைவுத் தூணுக்காக, ஒதுக்குங்கள்.

போலே விமான நிலையத்தில் இறங்கி, விடுதிக்குப் போய், ஆப்பிரிக்க ஒன்றியத் தலைமையகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு, மறுபடி போலேக்கே திரும்பிவிடுகிறீர்கள். ஊட்டியைவிடச் சற்று உயரமான ஊர் என்பதால் படியேறும்போது மூச்சு வாங்கியிருக்கும். பலருக்கு அடிஸ் அபாபா பற்றி மிஞ்சும் நினைவு அவ்வளவுதான். போய்வந்த சிலரிடம் பேசிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஒன்றியத்தின் கோபுரம் 99.9 மீட்டர் உயரம். லிபியாவின் சிர்த் நகரில் ஒன்றியம் அமைக்க முடிவெடுத்த நாள் 9.9.1999, அதன் நினைவாக அந்த அளவு. சீனா 20 கோடி டாலர் செலவில் கட்டிக்கொடுக்க, 2012 ஜனவரியில் திறந்தார்கள். இதெல்லாம் உங்கள் கையில் தரும் குறிப்பிலேயே இருக்கும். அந்த மண்ணில் அதற்கு முன் என்ன இருந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அங்கே இருந்தது ஊரின் மத்தியச் சிறை. மக்கள் அதை ‘அலேம் பெக்காஞ்’ என்றார்கள். ‘உலகம் எனக்குப் போதும்’ என்று பொருள். 1963-ல், இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு உருவானபோது அதன் தலைமையகம் இந்தச் சிறைக்கு அடுத்தே அமைந்தது. நான் இருந்த நாட்களில் தெர்க் எனப்பட்ட இராணுவக் குழுவின் ஆட்சி. மதிலோரம் பெண்கள் கைதிகளுக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கொடி பறக்கும் கார்கள் அவர்களைக் கடந்து மாநாட்டுக்குப் போகும். ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்ற நாடுகள் தலையிடக் கூடாது என்பது அமைப்பின் சாசனத்திலேயே இருந்த விதி. அதனால் மதிலுக்கு அந்தப் பக்கம் நடந்தது இந்தப் பக்கத்துக் கூட்டங்களில் பேச்சாகவில்லை.

அக்லிலு ஹப்த வோல்ட் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? உங்கள் துறைக்காரர். 1945-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் எத்தியோப்பியா சார்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். ஒற்றுமை அமைப்பு பிறந்தபோது நாட்டின் பிரதமர். 1974 நவம்பர் 23 இரவு, பேரரசர் ஹெய்லி செலாசியின் ஆட்சியைச் சேர்ந்த சுமார் அறுபது பேரை விசாரணையின்றி அந்தச் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் அக்லிலுவும் ஒருவர். நீங்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் இடம் அது.

போர்க்குற்றம், இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம் நடந்தால் ஒன்றியம் தலையிடலாம் என்று இப்போதைய அமைப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. 1994-ல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலைதான் அந்த வரிக்குக் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பக்கத்து மதிலுக்குள்ளும் ஒரு காரணம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

சிதிஸ்த் கிலோவுக்கு வருகிறேன். ‘ஆறு கிலோ’ என்று பொருள்படும் அந்த நாற்சந்தியில் வெள்ளைத் தூண் ஒன்று நிற்கிறது. அடியில் புடைப்புச் சிற்பங்கள். எதிரே பல்கலைக்கழகம், முன்பு அரண்மனை. இத்தாலி ஊரைப் பிடித்து வைத்திருந்த 1937-ல், பிப்ரவரி 19 அன்று அந்த அரண்மனை முற்றத்தில் ஆளுநர் கிராசியானி ஏழைகளுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். ஆப்ரஹா தெபோச், மோகஸ் அஸ்கதோம் என்ற இரண்டு இளைஞர்கள் அவர்மீது கையெறி குண்டுகளை வீசினார்கள். அவர் காயத்தோடு பிழைத்தார். அடுத்த மூன்று நாள் இத்தாலியப் பாசிசவாதிகளான கருஞ்சட்டைப் படையினர் கண்ணில் பட்டவர்களைக் கொன்றார்கள். கூரை வீடுகளை ஆட்களோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். எத்தியோப்பிய அரசின் கணக்கில் இறந்தவர்கள் 30,000 பேர். குறைத்துச் சொல்லும் ஆய்வாளர்கள்கூட ஆயிரக்கணக்கில் என்றே சொல்கிறார்கள். அதற்காகக் கிராசியானியை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

எனக்கு வீடு கொடுத்திருந்த அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. முழங்கையில் தீத்தழும்பு. கதவை வெளியே தாழிட்டிருந்தார்கள் என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். காப்பிக்கொட்டையை வறுக்கத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் என்னையும் தூணுக்குக் கூட்டிப்போவார்.

இதில் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். 1936 ஜூன் 30 அன்று ஹெய்லி செலாசி ஜெனீவாவில், ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு முன்னோடியான நாடுகளின் சங்கத்தின் முன் நின்று, இத்தாலி தன் மக்கள்மீது வீசிய நச்சுப்புகையைப் பற்றிப் பேசினார். அடுத்த மாதமே இத்தாலிமீது இருந்த தடைகளை விலக்கினார்கள். எண்ணெய்க்குத் தொடக்கத்திலிருந்தே தடை இல்லை. அரசாங்கங்கள் இப்படி இருந்த அதே ஆண்டில், சொந்த நாடே இல்லாத நம் ஆட்கள், காங்கிரஸ் தலைவராக இருந்த நேருவின் அழைப்பில் அபிசீனியா (எத்தியோப்பியாவின் பழைய பெயர்) நாள் கடைப்பிடித்தார்கள். 1941-ல் இத்தாலியரை விரட்ட, எரித்திரியாவின் கேரன் மலைகளில் நான்காவது, ஐந்தாவது இந்தியப் படைப்பிரிவுகள் போரிட்டன. அங்கே புதைக்கப்பட்ட நம் சிப்பாய்கள் எத்தனையோ பேர்.

அதனால்தான் கேட்கிறேன். சில ஆண்டுகளாக உச்சி மாநாடு பிப்ரவரி நடுவில்தான் நடக்கிறது. நினைவு நாள் 19. இரண்டு மூன்று நாள் கூடத் தங்கினால் போதும். அன்று காலை தூணில் மலர்வளையம் வைப்பார்கள். சிங்கப் பிடரித் தொப்பியோடு வயதான போராளிகள் நிற்பார்கள். இப்போது அவர்கள் அதிகம் பேர் இல்லை. இந்தியாவின் பெயரிலும் ஒரு வளையம் வையுங்கள். வேறு மாதத்தில் போனாலும் பரவாயில்லை, வெறுங்கையோடு போய் நில்லுங்கள்.

நேரம் கேட்கும்போது மட்டும் கவனம். அங்கே நம் பழைய நாழிகைக் கணக்கைப் போல விடியலிலிருந்துதான் மணி எண்ணுவார்கள். நம் காலை ஏழு, அவர்களுக்கு ஒரு மணி. ஓட்டுநரிடம் ‘சிதிஸ்த் கிலோ’ என்று சொல்லுங்கள், கொண்டுபோய் விடுவார்.

இப்படிக்கு,
அடிஸ் அபாபாவில் பாடம் சொன்ன ஓர் ஆசிரியர்