மூங்கில் தொப்பிப் பாட்டி

அன்புள்ள தேவி,

திட்டுவதானால் இப்போதே திட்டிவிடு. எட்டு மாதமாகப் பதில் போடாதது தப்புதான். இங்கே எல்லாரும் சுகம். இவருக்கு இனிப்புநீர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. தேத்தண்ணீரில் சீனியைக் குறைத்தால் முகம் தூக்கிக்கொள்கிறார். உங்கள் வீட்டுக் கவர்னர் பென்ஷன் வாங்கிய பிறகாவது உத்தரவு போடுவதை நிறுத்தினாரா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாவல் எழுதுகிறேன் என்றதும் "வாத்துக் கதை மாதிரி பாதியில் விட்டுவிடாதே" என்றாயே, உன் வாய் பலித்துவிட்டது. மூன்றாவது அத்தியாயத்தோடு நிற்கிறது. நிறுத்தியது அம்மா.

அம்மா, அம்மாச்சி எடுத்து வளர்த்த சீனப் பிள்ளை என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. எனக்குச் சப்பைமூக்கி என்று பெயர் வைத்தவளே நீதான். பிறந்தது 1950, புலி வருஷம். புலி வருஷத்துப் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று சீனர்கள் பலர் நம்பிய காலம். வறுமையும் சேர்ந்துகொண்டால் கேட்கவா வேண்டும்? தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். இதுவரைதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை நான் ஜோடித்தேன்.

நம் சுங்கை சிப்புட்டில் 1948 ஜூனில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டதும் மலாயாவில் அவசரகாலம் வந்தது இல்லையா? ஜப்பான்காரன் காலத்தில் பசிக்குப் பயந்து காட்டோரம் மரவள்ளி போட்டுப் பிழைத்த சீனர்கள், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுக்கிறார்கள் என்று சந்தேகம். 1950இல் வெள்ளைக்கார அரசாங்கத்தின் பிரிக்ஸ் திட்டம். ஏறக்குறைய 5 லட்சம் பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் முள்கம்பி வேலி போட்ட புதுக்கிராமங்களில் வைத்தார்கள். காலையில் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். அரிசி வெளியே போகக் கூடாது. அந்த வாசலில்தான் என் இரண்டாவது அத்தியாயம். முதுகில் குழந்தையைக் கட்டிய இளம் தாய், துப்பாக்கியோடு சிப்பாய், மழை, அழுகை. எழுதிவிட்டு நானே மூக்கைச் சிந்தினேன்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சீரியல் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

"பிள்ளையக் குடுத்துட்டு அழுதுகிட்டே போனாங்கன்னு யாரு சொன்னா? அவங்கதான் வாரா வாரம் வந்தாங்களே."

தேவி, நம் தோட்டத்து லய வீடுகளுக்குச் சைக்கிளில் காய்கறி கொண்டு வருவாரே, மூங்கில் தொப்பிப் பாட்டி, அவராம்! நீ அவர் கூடையிலிருந்து வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டு ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் ஓடினாயே. என் சொந்தப் பாட்டியிடம் திருடியிருக்கிறாய்.

யாரும் அம்மாவிடம் சொல்லவில்லையாம். அம்மாச்சியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாராம். துணிக்காரரிடம், மீன்காரரிடம், ஏன், கோயில் பூசாரியிடம்கூட ஐந்து காசுக்குச் சண்டை பிடிக்கிற அம்மாச்சி, தொப்பிப் பாட்டியிடம் மட்டும் பேரமே பேச மாட்டாராம். சொன்ன காசை எடுத்துக் கொடுப்பாராம். சீனப் பெருநாளுக்குப் பாட்டி நான்கு ஆரஞ்சு கொண்டு வருவார். இரண்டை அம்மாச்சியிடம் கொடுத்துவிட்டு இரண்டை அம்மாவின் கையில் வைப்பார். தீபாவளிக்கு அதே கூடையில் முறுக்கு திரும்பிப் போகும். எனக்குத் தெரிந்து அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதே இல்லை.

"நீங்க கேட்கவே இல்லையாம்மா?"

"கேட்டிருந்தா அடுத்த வாரம் வந்திருக்க மாட்டாங்க."

அவ்வளவுதான். சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு எழுத ஓடவில்லை. மழையும் சிப்பாயும் இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது. உண்மையை எழுதலாம் என்றால், அந்தப் புதுக்கிராமத்தில் பாட்டியின் மற்றப் பிள்ளைகள் இருப்பார்கள். தங்கச்சி ஒருத்தி தோட்டத்து லயத்தில் வளர்ந்தாள் என்று அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. நாவல் என்று அட்டையில் போட்டுவிட்டால் ஆயிற்றா? அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் தாய் என்ற இடத்தில் அம்மாச்சி பெயர்தான் இருக்கிறது. எழுதட்டுமா என்று கேட்டால் அம்மா "உன் இஷ்டம்" என்கிறார். அம்மா அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

அப்புறம் ஒன்று. வீட்டில் அவர் படம் கிடையாது. எவ்வளவு யோசித்தாலும் எனக்குத் தொப்பியும் சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸும்தான் ஞாபகம் வருகின்றன. உன்னைத் துரத்திக்கொண்டு வந்தாரே, அப்போது நீ திரும்பிப் பார்த்திருப்பாய். முகம் எப்படி இருந்தது? உடனே எழுது.

உன்
சப்பைமூக்கி