கோடு போட்ட பை

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை இரவு நீ போனில் அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. “பிரசவத்தில் போன ரத்தம் ஐந்நூறு மில்லி இருக்கும் என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன் அப்பா, ஆயிரத்தையும் தாண்டியிருக்கிறது” என்றாய். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்பதையும், எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டினார்கள் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னாய். எனக்குப் போனில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். “சாப்பிட்டாயா” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அன்றிலிருந்து நான்கு நாளாக இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ எழுதிய எண் தப்புதான் கண்ணு. ஆனால் ரத்த வங்கியில் 31 வருடம் உட்கார்ந்து பிரசவ வார்டிலிருந்து வந்த சீட்டுகளை வாங்கியவன் நான். “சுமார் 500 மில்லி” என்று எழுதாத சீட்டையே அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்நூறு ஒரு வாய்ப்பாடு. பார்த்து எழுதுவது கிடையாது, பழக்கத்தில் எழுதுவது.

தானம் கொடுக்க வருபவரைப் படுக்கவைத்ததும் பையைத் தராசில் மாட்டுவோம். 350 மில்லி ஆனதும் கிளிப் போட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பைக்குள் இருக்கும் உறைதடுப்பு மருந்து அந்த அளவுக்குக் கணக்குப் பார்த்துப் போட்டது. நோய்நொடி இல்லாத ஆளிடம் எடுப்பதற்கு இத்தனை கண்காணிப்பு, முடிந்ததும் பிஸ்கெட், காபி, கால் மணி நேரம் ஓய்வு. அதே கட்டடத்தின் மாடியில், ஏற்கெனவே சோகை பிடித்து, 7 கிராம் ஹீமோகுளோபினோடு பிள்ளை பெற்றுக் கிடக்கும் பெண்ணிடமிருந்து போகும் ரத்தத்தை அளக்க ஓர் உழக்குகூடக் கிடையாது. பாதி துணியில் ஊறும், பாதி பனிக்குட நீரோடு கலந்து பக்கெட்டுக்குப் போகும், மிச்சத்தை ஆயா கழுவித் தள்ளிவிடுவார். பிறகு யாரைக் கேட்டாலும் ஐந்நூறுதான்.

இதை அளந்து காட்டியவர்கள் நம் பக்கத்து மாநிலத்துக்காரர்கள் என்பது உனக்குத் தெரியுமா? கர்நாடகத்தின் பெல்காம் வட்டாரத்துக் கிராமங்களில், பிரசவம் பார்க்கும் துணைச் செவிலியர் மிசோப்ரோஸ்டால் மாத்திரை கொடுத்தால் ரத்தப்போக்கு குறைகிறதா என்று 1,620 பெண்களிடம் ஆராய்ந்தார்கள். ஐந்நூறு மில்லியோ அதற்கு மேலோ ரத்தம் இழந்தவர்கள் 12 சதவீதமாக இருந்தது 6.4 ஆனது. 2006இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்த ஆய்வுக்காகத்தான் இடுப்புக்குக் கீழே விரித்து, கூம்பு போலத் தொங்கும், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பையை உருவாக்கினார்கள். கண்ணால் பார்த்துச் சொன்னதையும் பையில் விழுந்ததையும் அவர்களே ஒப்பிட்டார்கள். கண் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துச் சொல்லியிருந்தது. அதற்குப் பிறகு இந்தப் பை எல்லா லேபர் வார்டுக்கும் போயிருக்க வேண்டும். மாத்திரையைப் பற்றிப் பேசிய அளவுக்கு யாரும் பையைப் பற்றிப் பேசவில்லை.

17 வருடம் கழித்து, 2023 மே மாதம், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஈ-மோட்டிவ் ஆய்வு வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுகப்பிரசவங்கள். பாதி மருத்துவமனைகளுக்குக் கோடு போட்ட பை. முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை பையைப் பார், நாடியைப் பார், ரத்த அழுத்தத்தைப் பார், கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார். 500 கோட்டைத் தொட்டால், அல்லது 300ஐத் தாண்டி வேறு ஏதாவது சரியில்லை என்றால், எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கு: கர்ப்பப்பையைத் தேய்ப்பது, கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின், உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப், கிழிசல் இருக்கிறதா என்ற பரிசோதனை. முன்பெல்லாம் தேய்த்துப் பார்ப்பது, கேட்கவில்லையா, ஊசி போடுவது, அதுவும் கேட்கவில்லையா, அடுத்தது என்று ஒவ்வொன்றாக ஏறுவார்கள். அந்தப் படிகளிலேயே நேரம் போய்விடும்.

மீதி மருத்துவமனைகளிலும் பை விரித்தார்கள். ஆனால் அதில் கோடு இல்லை. ரத்தம் பையில்தான் சேர்ந்தது, ஆய்வுக்காக எடை போடவும் செய்தார்கள். அப்படியிருந்தும் அளவுக்கு மீறி ரத்தம் போனவர்களில் 51 சதவீதத்தைத்தான் வார்டில் கண்டுபிடித்தார்கள். கோடு இருந்த இடத்தில் 93. இந்த இடத்தை நான் மூன்று முறை படித்தேன். ஒரு லிட்டருக்கு மேல் போவது, ரத்தப்போக்குக்காக வயிற்றைத் திறப்பது, ரத்தப்போக்கால் இறப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 4.3 சதவீதம் 1.6 ஆகியிருக்கிறது. இறப்பை மட்டும் தனியே எடுத்தால் எண்ணிக்கை சிறியது, அதை வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது. உன் சீனியரிடம் பேசும்போது அதையும் சேர்த்தே சொல், இல்லாவிட்டால் அவர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

இனி உன்னிடம் சொல்லாத ஒன்று. 1998, ஆடி மாதம், இரவு இரண்டரை மணி. ஊரையும் மருத்துவமனையையும் எழுதப்போவதில்லை. ஓர் ஆள் லுங்கியோடு ஓடிவந்து சீட்டையும் சாம்பிளையும் நீட்டினார். இரண்டு யூனிட், சுமார் 500 மில்லி இழப்பு. கண்ணாடி டியூப் கையில் வாங்கும்போதே சூடாக இருந்தது. கொடுக்கும் ரத்தம் பொருந்துமா என்று பார்க்கும் கிராஸ் மேட்சுக்குச் சீரம் பிரிய வேண்டும், அதற்கு ரத்தம் உறைய வேண்டும். உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை சாய்த்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி நேரம். தண்ணீர் போல ஓடியது. நிறமும் வெளிறியிருந்தது. உறையும் பொருளெல்லாம் தீர்ந்து, உடம்பில் இருப்பது டிரிப் தண்ணீர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்நூறு மில்லி போனவளின் ரத்தம் இல்லை அது.

மாடிக்கு ஓடிப் போய், “டாக்டர், இது உறையவில்லை, நீங்கள் நினைப்பதைவிட நிறையப் போயிருக்கிறது” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. லேப் டெக்னீஷியன் போய் டாக்டரிடம் உங்கள் கணக்கு தப்பு என்பதா? போன மாதம்தான் ஒருவர் அப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் இருந்த இடத்திலேயே டியூபைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த லுங்கிக்காரர் மறுநாள் வந்து, வாங்கிய ரத்தத்துக்குப் பதில் ரத்தம் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார்.

அதனால்தான் அந்தக் கோட்டின் மேல் எனக்கு இத்தனை பித்து. இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு உள்ளுக்குள் உதைத்துக்கொண்டே இருக்கும், ஆனால் “எனக்குத் தோன்றுகிறது” என்று யாரை எழுப்ப முடியும்? 500ஐத் தொட்டுவிட்டது என்றால் எழுப்பலாம். எழுப்புவதற்கு முன்பே மருந்தைத் தொடங்கலாம். 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் ஐந்நூறிலிருந்து கீழே இறங்கி வந்துவிட்டது: நாடியோ ரத்த அழுத்தமோ மாறியிருந்தால் 300 மில்லியிலேயே சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. சோகை பிடித்த நம் பெண்களுக்கு ஐந்நூறு வரை காத்திருப்பது அநியாயம் என்று நான் எப்போதும் நினைத்ததுதான்.

டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பற்றியும் ஒன்று. 1962இல் அதைக் கண்டுபிடித்தது ஜப்பானின் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகளை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் நின்ற அம்மா அவர். பிரசவ ரத்தப்போக்குக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள் என்று அவர் சொன்னதை அன்று மகப்பேறு மருத்துவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 20,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல்தான் வந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் இறப்பவர்கள் 1.7 சதவீதத்திலிருந்து 1.2 ஆகிறார்கள். அந்த அம்மா முந்தைய வருடமே, 98 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார். கால் மணி நேரம் தாமதித்தால் பலனில் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று பிறகு கணக்குப் போட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் முன்கூட்டியே போட்டுவிடலாமே என்று நினைக்காதே. சோகையுள்ள 15,000 பெண்களுக்குத் தடுப்பாகக் கொடுத்துப் பார்த்து, 2023இல் பலனில்லை என்று முடித்திருக்கிறார்கள்.

உன் வார்டில் அந்தப் பை இல்லை என்றாய். வரும்வரை சும்மா இருக்காதே. இந்தப் பார்சலில் அம்மாவின் சமையலறைத் தராசை வைத்திருக்கிறேன், 5 கிலோ வரை காட்டும். காய்ந்த பேட், காய்ந்த துணி இவற்றின் எடையை முதலில் எடுத்து மேசைக்குப் பக்கத்தில் ஒட்டிவை. நனைந்ததை எடை போட்டு, காய்ந்த எடையைக் கழி. ஒரு மில்லி ரத்தம் 1.05 கிராம், நீ ஒன்று என்றே வைத்துக்கொள். பனிக்குட நீர் வடிந்த பிறகு புதுத் துணி விரித்து அங்கிருந்து கணக்கைத் தொடங்கு, இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். தராசின் மேல் பாலித்தீன் உறை மாட்டு, ஒவ்வொரு முறையும் துடை.

பேட்டரி புதிது போட்டிருக்கிறேன். பருப்புப் பொடி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது, தேடு. தராசு எங்கே என்று அம்மா கேட்டாள், ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ பேசும்போது மாற்றிச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா